ஒரு அடி முன்னால்

சிவபாக்கியம் மலைக்கு விரும்பி வந்தவள் இல்லை. பழனி அடிவாரத்தில் அவளுடைய அப்பா பொன்னுச்சாமிக்கு விபூதியும் கற்பூரமும் காவடித் துணியும் விற்கிற கடை இருந்தது. கூட்டத்துக்கு நடுவிலேயே பிறந்து, கூட்டத்துக்கு நடுவிலேயே வளர்ந்தவள். ஆசிரியர் பயிற்சி முடித்து எண்பத்தாறில் அரசாங்க வேலை கிடைத்தபோது வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். எந்த ஊர் என்று பார்த்ததும் சந்தோஷம் பாதியாகிவிட்டது. கொடைக்கானலுக்கு அப்பால், பள்ளங்கியிலிருந்து இறங்கும் சரிவில் தண்ணிப்பள்ளம் என்று ஒரு சின்ன ஊர். இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளிக்கூடம்.

"ஒரு வருசம் பல்லக் கடிச்சுக்கிட்டு ஓட்டும்மா. ஆளப் பிடிச்சு மாத்தல் வாங்கிருவோம்" என்றார் அப்பா.

ஒரு வருஷம் இருபது வருஷமாயிற்று. கல்யாணமான பிறகு கணவன் செல்வமுருகனுக்கும் கொடைக்கானல் மின்வாரியத்திலேயே வேலை அமைந்துவிட்டது. குளிர் பழகிவிட்டது. உதவி ஆசிரியையாக வந்தவள் அதே பள்ளிக்குத் தலைமை ஆசிரியை ஆனாள். காலையில் கொடைக்கானலிலிருந்து பஸ்ஸில் வந்து பள்ளங்கியில் இறங்கி, அங்கிருந்து சரிவில் நடந்து வருவாள். மழை பெய்தாலும் பஸ் வராவிட்டாலும் எப்படியாவது ஒரு ஜீப்பைப் பிடித்துப் பள்ளிக்கு வந்துவிடுவாள். தன்னிடம் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை தமிழை எழுத்துக்கூட்டாமல் படிக்கும் என்று மார்தட்டிக்கொள்வாள். அது பெரும்பாலும் உண்மை. அவள் கணக்கில் எடுத்துக்கொண்ட பிள்ளைகளைப் பொறுத்தவரை முழுக்க உண்மை.

தண்ணிப்பள்ளத்தில் இரண்டு ஊர் இருந்தது. ஓடைக்கு மேலே பூண்டும் காரட்டும் பீன்ஸும் போடுகிற விவசாயிகளின் வீடுகள். ஓடைக்குக் கீழே தகரக் கூரை போட்ட, சுவரோடு சுவர் ஒட்டிய ஒரே நீள வரிசை. அதை லயம் என்பார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட குடும்பங்களை, தோல் பதனிடப் பயன்படும் சீகை மரத்துப் பட்டையை உரிக்க ஒரு காண்ட்ராக்டர் கூட்டிவந்து அங்கே இறக்கிவிட்டுப் போனான். பட்டை வேலை ஓய்ந்ததும் அவர்கள் மேலே இருப்பவர்களின் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார்கள். மேலே இருப்பவர்கள் அவர்கள் கையில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. கேட்டால் சாதி என்று சொல்லமாட்டார்கள். "அவங்க சிலோன்காரங்க" என்பார்கள், அதிலேயே எல்லாம் அடங்கிவிடும்.

பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். மேலிருந்து வந்தவர்களை அவரவர் பெயர் சொல்லிக் கூப்பிட்ட சிவபாக்கியத்தின் வாய், கீழிருந்து வந்தவர்களை "ஏ சிலோன்" என்றுதான் கூப்பிட்டது. ஒருத்தனைக் கூப்பிட்டால் யார் பக்கத்தில் இருக்கிறானோ அவன் எழுந்து வருவான். அவளுக்கும் அது வசதியாக இருந்தது. வருகை எடுப்பதெல்லாம் எண்ணைச் சொல்லித்தான். யார் பெயரையும் உச்சரிக்க வேண்டியதில்லை. காலையில் வகுப்பறையைக் கூட்டுவதும் ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவருவதும் சிலோன் பிள்ளைகளின் வேலை. மேலிருந்து வந்தவர்கள் குடிக்க வீட்டுத் தண்ணீர் கொண்டுவருவார்கள். அவள் வருவதற்கு முன்பே அப்படித்தான் இருந்தது. அவள் அதை மாற்றவில்லை, அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகள் மீது அவளுக்குக் கோபமோ வெறுப்போ கிடையாது. குளிர் காலத்தில் தன் மகனின் பழைய ஸ்வெட்டர்களைக் கொண்டுவந்து கொடுப்பாள். ரொட்டிக்குப் 'பாண்' என்று ஒரு பெண் எழுதியிருந்தபோது அதை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி வாசித்துக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அதில் தப்பிருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் அமிர்தவல்லி. ஐந்தாம் வகுப்பு.

இரண்டாயிரத்து ஆறில், குறிஞ்சி பூத்து மலையெல்லாம் சுற்றுலா வண்டிகளாக நிறைந்திருந்த நாட்களில், ஆசிரியர்களுக்குக் கொடைக்கானலில் ஒரு பயிற்சி நடந்தது. வழக்கமாகக் கணக்குப் பயிற்சி, பாட அட்டைப் பயிற்சி என்று வரும். இது வேறு. வகுப்பறையில் சாதி பார்ப்பது, ஏழைப் பிள்ளைகளை ஒதுக்குவது, வேறு மாதிரிப் பேசுகிற பிள்ளைகளைக் கேலி செய்வது, இதையெல்லாம் ஆசிரியர்கள் தங்களுக்குள்ளேயே தேடிப் பார்க்க வேண்டும் என்பதற்கான பயிற்சி. நடத்த மதுரையிலிருந்து புவனா என்ற பெண் வந்திருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. கைத்தறிப் புடவை, தோளில் ஜோல்னாப் பை. வந்த ஆசிரியர்களில் பாதிப்பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "நம்மளக் குத்தஞ் சொல்றதுக்குன்னே ஆள் அனுப்புறாங்க" என்று பின்வரிசையில் ஒருவர் முனகினார்.

சிவபாக்கியம் முன்வரிசையில் இருந்தாள். புவனா கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவள்தான் முதலில் எழுந்தாள். பேச்சு அவளுக்கு எப்போதும் கைவந்த கலை.

"பிள்ளைங்க எல்லாம் ஒண்ணுதாங்க. எங்க ஸ்கூல்ல சிலோன்லருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைங்களும் படிக்குதுங்க. ஒரு வித்தியாசமும் நான் பார்க்குறதில்ல. எல்லாம் எம்பிள்ளைங்கதான்" என்றாள். சொல்லும்போது அவள் கண் கலங்கக்கூடச் செய்தது. பொய் சொல்கிறோம் என்று அவள் நினைக்கவில்லை.

புவனா அதைக் கவனித்தாள். பயிற்சியின் கடைசி நாளில் ஏதாவது ஒரு பள்ளிக்கு எல்லோரும் நேரில் போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு. "உங்க ஸ்கூலுக்கே வர்றோமே டீச்சர்" என்றாள். சிவபாக்கியத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. அன்று மாலை செல்வமுருகனிடம் சொல்லிச் சொல்லி மாளவில்லை. "இருபது வருசத்துல நம்ம ஸ்கூலத் தேடி ஒருத்தரும் வந்ததில்லைங்க."

முந்திய நாள் மதியமே பயிற்சியில் சொல்லிக்கொண்டு கிளம்பிவந்து பள்ளியைத் தயார் செய்தாள். சுவரில் படங்கள் ஒட்டினாள். வரிசை வரிசையாக உட்காரும் பிள்ளைகளைக் கலைத்து, லயத்துப் பிள்ளைகளை மேல்வீட்டுப் பிள்ளைகளுக்கு இடையே உட்கார வைத்தாள். அமிர்தவல்லியை முன்னால் கொண்டுவந்தாள். பிறகு தரையைக் கழுவ வேண்டியிருந்தது. "ஏ சிலோன், எல்லாரும் போயி வெரசாத் தண்ணி கொண்டாங்க" என்றாள். அவர்கள் கொண்டுவந்து கழுவினார்கள். மேல்வீட்டுப் பிள்ளைகள் ஈரத்தில் கால் படாமல் திண்டில் ஏறி நின்று வேடிக்கை பார்த்தார்கள். சமத்துவத்தைப் பார்க்க வருகிறவர்களுக்காக யார் தரை கழுவுகிறார்கள் என்பது அவள் கண்ணில் படவே இல்லை.

மறுநாள் வேனில் ஆசிரியர்கள் வந்து இறங்கினார்கள். பனி கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டிருந்தது. புவனா பிள்ளைகளை வெளியே மைதானத்துக்கு அழைத்துப் போய் ஒரே கோட்டில் நிற்க வைத்தாள்.

"ஒரு விளையாட்டு. நான் ஒண்ணு சொல்லுவேன். அது உங்களுக்கு உண்மைன்னா ஒரு அடி முன்னால வாங்க. இல்லன்னா அப்படியே நில்லுங்க. யாரும் திட்டமாட்டாங்க. சரியா?"

"சரிங்க டீச்சர்" என்று எல்லோரும் ராகம் போட்டார்கள்.

வீட்டில் டிவி இருப்பவர்கள் ஒரு அடி வந்தார்கள். பாடம் சொல்லிக் கொடுக்க வீட்டில் ஆள் இருப்பவர்கள் ஒரு அடி. வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய் உள்ளவர்கள் ஒரு அடி. கோடு இரண்டாகப் பிரிந்தது. முன்னால் மேல்வீட்டுப் பிள்ளைகள், பின்னால் லயத்துப் பிள்ளைகள். பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர்கள் தலையை ஆட்டினார்கள். சிவபாக்கியமும் வருத்தத்தோடு தலையை ஆட்டினாள். வீட்டு நிலைமைக்குப் பள்ளிக்கூடம் என்ன செய்யும்?

அடுத்து புவனா சொன்னாள்: "உங்க டீச்சர் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்கன்னா, ஒரு அடி முன்னால வாங்க."

மேல்வீட்டுப் பிள்ளைகள் ஒரு எட்டு வைத்தார்கள். ஊர்ப் பெரியவர் கந்தவேலின் மகள் குறிஞ்சிச்செல்வி எம்பிக் குதித்தே வந்தாள்.

பின்வரிசை அசையவில்லை.

சிவபாக்கியத்துக்கு முதலில் புரியவில்லை. கேள்வி காதில் விழவில்லையோ என்று பார்த்தாள். பிறகு அங்கே நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அந்தக் கடைசிப் பையன் பெயர் என்ன? அவன் பக்கத்தில், அவனைப் போலவே இருப்பவன்? அண்ணன் தம்பியா, சித்தப்பா மக்களா? நான்கு வருஷமாக முகத்துக்கு நேராகப் பார்க்கிற பிள்ளைகள். ஆசிரியர்களில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை அவள் பார்த்தாள். பயிற்சியில் முனகியவர் உதட்டைச் சுழித்ததையும் பார்த்தாள். ஓடிப்போய் எங்காவது ஒளிந்துகொள்ள முடிந்தால் ஒளிந்திருப்பாள்.

அப்போது அமிர்தவல்லி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். ஒரு கணம் நன்றாகப் பார்த்தாள். பிறகு தன் தம்பி யோகராஜின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வைத்தாள். மற்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். அவள் கண்ணாலேயே ஏதோ சொன்னாள். அவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள்.

"பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை கொடுப்பாங்கன்னா, ஒரு அடி."

இந்த முறை லயத்துப் பிள்ளைகள் தயங்கவே இல்லை. மேல்வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்னாலேயே அடி வைத்தார்கள்.

"நீங்க பேசுறதக் கேட்டு டீச்சர் சிரிக்கமாட்டாங்கன்னா, ஒரு அடி."

வைத்தார்கள்.

புவனா திரும்பி ஆசிரியர்களிடம் சொன்னாள்: "பாத்தீங்களா? வீட்டைப் பத்திக் கேட்டப்ப பின்னால நின்ன பிள்ளைங்க, ஸ்கூலைப் பத்திக் கேட்டப்ப மொதல்ல கூச்சப்பட்டாலும் அப்பறம் தயங்காம முன்னால வர்றாங்க. ஒரு டீச்சரால இது முடியும்." ஆசிரியர்கள் கை தட்டினார்கள். உதட்டைச் சுழித்தவர்கூடத் தட்டினார். "இந்தப் பிள்ளைங்க கொடுத்து வச்சவங்க டீச்சர்" என்று புவனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படியெல்லாம் இல்லைங்க" என்றாள் சிவபாக்கியம். அவள் உண்மையைத்தான் சொன்னாள், ஆனால் அதை எல்லோரும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொள்ளட்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.

வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்க வேண்டும். அவள் பழக்கத்தில் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "ஏ சி—" என்று வந்த சொல் தொண்டையில் நின்றது. அதற்குப் பதிலாகச் சொல்ல ஒரு பெயரும் வரவில்லை. அமிர்தவல்லி எதுவும் கேட்காமல் உள்ளே போய்க் குடத்தையும் டம்ளரையும் எடுத்துவந்து எல்லோருக்கும் ஊற்றினாள்.

வேன் போனபிறகு, மற்றப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அமிர்தவல்லியை மட்டும் நிறுத்தினாள். அந்தப் பெண் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது. அடி விழும் என்று எதிர்பார்க்கிற பிள்ளைகள் அப்படித்தான் நிற்கும்.

"ஏன் புள்ள அப்படி வந்த?"

"தப்பா டீச்சர்?"

"இல்ல. ஏன்னு கேக்குறேன்."

அமிர்தவல்லி கால் பெருவிரலால் தரையைத் தேய்த்தாள். "ஒங்க மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு டீச்சர்."

"எப்படி?"

"தோட்டத்துல கங்காணி எல்லாருக்கும் முன்னால ஏசுறப்ப எங்கம்மா மொகம் அப்பிடித்தான் ஆகும்."

சிவபாக்கியம் கையை ஆட்டி அந்தப் பெண்ணைப் போகச் சொன்னாள். பிறகு காலியான வகுப்பறையில் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவமானம் என்றால் என்ன என்பது பத்து வயதுப் பெண்ணுக்குப் பார்த்தவுடன் தெரிந்திருக்கிறது. தெரிந்ததால் இரக்கப்பட்டிருக்கிறாள். தினமும் அதே அவமானத்தை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தவளுக்கு, தான் கொடுத்தது இன்னதென்றே தெரிந்திருக்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். காட்டிக்கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். காப்பாற்றிவிட்டாளே என்றுதான் அவளுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

மறுநாளிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். அது அவ்வளவு லேசாக இல்லை. அண்ணனைத் தம்பி பெயரால் கூப்பிட்டாள்; பிள்ளைகள் சிரித்தார்கள். "யோகராஜ், எந்திரி" என்றதும் அந்தச் சின்னப் பையன் எழுந்து நின்று விசும்ப ஆரம்பித்தான். டீச்சர் வாயிலிருந்து தன் பெயர் வருகிறதென்றால் ஏதோ பெரிய தப்புச் செய்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டான்.

கூட்டுவதற்கும் தண்ணீருக்கும் முறை வைத்தாள். முதல் வாரம் குறிஞ்சிச்செல்வியும் யோகராஜும். அன்றைக்குச் சாயங்காலமே கந்தவேல் வந்துவிட்டார். ஓடைக்கு மேலே அவருக்குத்தான் பெரிய பூண்டுத் தோட்டம். பள்ளிச் சுற்றுச்சுவருக்குக் கல் கொடுத்தவர், பெற்றோர் கழகத் தலைவர், வரும்போதெல்லாம் டீச்சருக்கு ஒரு பை காய்கறி கொண்டுவருபவர். அன்று கை வெறுமையாக இருந்தது.

"என்னங்க டீச்சர், எம்மகளக் கூட்டச் சொன்னீங்களாமே?"

"எல்லாப் பிள்ளைங்களுக்கும் முறை வச்சிருக்கேங்க."

"அது வழக்கமாக் கூட்டுற பிள்ளைக இருக்குதுகல்ல. அதுக தண்ணி எடுத்த கொடத்துல எம்மக எடுக்கணுமா? எனக்கொண்ணுமில்ல. வீட்டுல பொம்பளைக பேசுறாங்க." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "இருபது வருசமா ஒரு பிரச்சினை இல்லாம இருக்கீங்க. பாத்துக்கங்க."

சொல்ல வேண்டியது எல்லாம் சிவபாக்கியத்துக்குத் தெரியும். மூன்று நாள் பயிற்சியில் அதைத்தானே சொன்னார்கள். அவள் வாய் சொன்னது வேறு. "தெரியாம நடந்துருச்சுங்க. நான் பாத்துக்குறேன்."

மறுநாள் காலை யோகராஜும் அமிர்தவல்லியும் கூட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. கந்தவேல் வந்து போனது லயத்துக்குத் தெரிந்திருக்கும். அவர்களே விளக்குமாறை எடுத்துவிட்டார்கள். அவள் நேராகத் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள், அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

இதற்கிடையில் தண்ணிப்பள்ளம் பள்ளியின் பெயர் மலையை விட்டு இறங்கிவிட்டது. திண்டுக்கல்லில் இன்னும் பெரிய பயிற்சி. அங்கே வந்து அவளுடைய அனுபவத்தைப் பேச வேண்டும் என்று புவனா போன் செய்தாள். மாட்டேன் என்று சொல்ல சிவபாக்கியம் பலமுறை நினைத்தாள். பிறகு, அங்கே போய் உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்துப் போனாள்.

சொன்னாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பதைச் சொன்னாள், பின்வரிசை அசையாமல் நின்றதைச் சொன்னாள், அமிர்தவல்லி வைத்த அடியைச் சொன்னாள். அம்மாவின் முகத்தைப் பற்றி அந்தப் பெண் சொன்னதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. முடித்ததும் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். புவனா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "இதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேணும்!" தேநீர் இடைவேளையில் முன்பின் தெரியாத ஆசிரியைகள் சூழ்ந்துகொண்டார்கள். "அழுகையே வந்துருச்சுங்க டீச்சர்" என்றாள் ஒருத்தி. "அந்தப் பிள்ளை சொன்னதை நானும் எங்க ஸ்கூல் விழாவுல சொல்லிக்கட்டுமா?" என்று கேட்டாள் இன்னொருத்தி.

சிவபாக்கியம் கையில் பஜ்ஜித் தட்டோடு நின்றாள். கந்தவேல் விஷயத்தை அவள் சொல்லவில்லை. விளக்குமாறு திரும்பவும் அதே கைகளுக்குப் போனதைச் சொல்லவில்லை. கேட்பவர்கள் தன்னை மன்னித்துவிடக்கூடிய பாகத்தை மட்டும் எடுத்துச் சொல்லியிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. கைதட்டல் வாங்கித் தந்தது மறுபடியும் அந்தப் பெண்தான். அந்தப் பெண்ணைக் கேட்காமலேயே அவளை மேடைக்கு இழுத்துவந்து, அவள் அம்மாவின் முகத்தையும் இத்தனை பேருக்குக் காட்டிவிட்டாள். பஜ்ஜியை அப்படியே வைத்துவிட்டு, தலைவலி என்று சொல்லி பஸ் ஏறினாள். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்வரை ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு எந்தப் பயிற்சியிலும் பேசப் போகவில்லை. புவனா இரண்டு மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

மறு திங்கட்கிழமை குறிஞ்சிச்செல்வி கையில் விளக்குமாறைக் கொடுத்தாள். மற்ற மேல்வீட்டுப் பிள்ளைகளிடமும் முறைப்படி கொடுத்தாள். கந்தவேல் வந்தார். இந்தமுறை அவள் எழுந்து நின்றுகொண்டே பேசினாள். தைரியம் வந்துவிட்டதென்று இல்லை.

"முறை முறைதாங்க. மாத்த மாட்டேன்."

"அப்ப எம்பிள்ளைய வேற எடத்துல சேத்துக்குறேன்."

"உங்க இஷ்டங்க."

சேர்த்துவிட்டார். கொடைக்கானலில் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து வேன் தினமும் ஓடைக்கு மேலே வந்து நிற்க ஆரம்பித்தது. குறிஞ்சிச்செல்வியைப் பார்த்து இன்னும் பல பிள்ளைகள் அதில் ஏறினார்கள். பள்ளியில் எண்ணிக்கை குறைந்துவிட்டதென்று மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். உதவி ஆசிரியை, "ஒங்க பிடிவாதத்துல ஸ்கூல மூடிருவாங்க போல டீச்சர்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள். செல்வமுருகனும் வீட்டில் சொன்னான்: "பாராட்டு வாங்குன ஸ்கூலுக்கு இதுதான் கெதியா?" சரியான காரியத்தைத்தான் செய்தோம் என்ற நிம்மதிகூட அவளுக்குக் கிடைக்கவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் செய்திருக்கலாமே என்ற நினைப்பு அதை அரித்துக்கொண்டே இருந்தது.

ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு முடிந்தது. லயத்துப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுவது வழக்கம். காரட் கழுவப் போவார்கள், பூண்டு உரிக்கப் போவார்கள். அமிர்தவல்லியைக் கொடைக்கானலில் ஆறாம் வகுப்பில் சேர்க்க வேண்டும், அங்கே தங்கிப் படிக்க விடுதியும் இருக்கிறது. இதைச் சொல்வதற்காக, பள்ளிகள் திறப்பதற்கு முந்திய வாரம், சிவபாக்கியம் முதல்முறையாக ஓடையைக் கடந்து கீழே போனாள். இருபது வருஷத்தில் முதல்முறை.

அமிர்தவல்லியின் அம்மா பாண்டியம்மாள் ஓடையோரத்தில் காரட் மூட்டையைக் கொட்டி, காலால் மிதித்து மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் தண்ணீரை விட்டு வெளியே வந்து, ஏற்றிச் செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டாள். முப்பது, முப்பத்தொன்று வயது இருக்கும்.

"வாங்க டீச்சர். தேத்தண்ணி போடவா?"

"இருக்கட்டும்மா. அமிர்தவல்லியப் பத்திப் பேசத்தான் வந்தேன்." சிவபாக்கியம் சொல்ல வந்ததைச் சொன்னாள். பிறகு தயங்கித் தயங்கி, "நான் அந்தப் புள்ளைகிட்ட நல்லபடியா நடந்துக்கல. பேரு சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்ல. உனக்கு அது தெரியுமோ என்னவோ..." என்றாள்.

"தெரியும் டீச்சர்."

"அமிர்தவல்லி சொன்னாளா?"

"அவ ஒண்ணும் சொல்ல மாட்டா." பாண்டியம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "நானும் ஒங்ககிட்டத்தான் டீச்சர் அஞ்சாம் வகுப்பு படிச்சேன். நீங்க புதுசா வந்த வருசம்."

சிவபாக்கியம் அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். எங்காவது ஒரு சாயல், ஒரு சிரிப்பு, ஒரு பின்னல் ஞாபகம் வராதா என்று தேடினாள். ஒன்றும் வரவில்லை. தான் முதன்முதலில் பாடம் நடத்திய பிள்ளைகளை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, யார் யார் என்ன ஆனார்கள் என்றுகூடத் தெரியும். எல்லோரும் ஓடைக்கு மேலே இருந்தவர்கள்.

"ஞாபகம் இல்லையேம்மா" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"எப்பிடி இருக்கும் டீச்சர்?" பாண்டியம்மாள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையத்தானே செய்யும் என்பதுபோலச் சொன்னாள். "அப்பத்தான் மண்டபத்து முகாம்லருந்து எங்கெங்கயோ சுத்திட்டு இங்க வந்திருந்தோம். எனக்குப் படிக்க ரொம்ப ஆசை. நீங்க எழுத்துப் போடுறது அம்புட்டு அழகா இருக்கும். அதப் பாத்துப் பாத்து எழுதிப் பழகினேன். ஒருநா சிலேட்டக் காட்டலாம்னு வந்தேன். 'ஏ சிலோன், வாளியக் கொண்டா'ன்னீங்க. கொண்டாந்தேன். அப்பறம் காட்டல."

சிவபாக்கியம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். திண்டுக்கல் அரங்கத்தில் அத்தனை பேருக்கு முன்னால் சரளமாக வந்த சொல் இங்கே வரவில்லை. வந்தாலும் யாருக்காகக் கேட்பது? சிலேட்டோடு வந்த அந்தச் சிறுமிக்கா, எதிரே காரட்டுச் சேறு காலோடு நிற்கிற இவளுக்கா? கேட்டால் பாண்டியம்மாள் உடனே, "அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர்" என்று சொல்லிவிடுவாள். மகளைப் போலவே இவளும் அடி எடுத்து வைத்துவிடுவாள். அது நடக்கக் கூடாது என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது. வாயை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பதிலாக, "திங்கக்கிழமை நானே வந்து கூட்டிட்டுப் போறேன். கொடைக்கானல் ஸ்கூல்ல எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. நான் பேசினா வெரசா முடிஞ்சிரும்" என்றாள்.

பாண்டியம்மாள் யோசித்தாள். ஓடையில் மிதந்து போன ஒரு காரட்டைக் குனிந்து எடுத்துக் குவியலில் போட்டாள்.

"வேணாம் டீச்சர். நானே கூட்டிட்டுப் போறேன். அவ அப்பாவும் அன்னிக்கு சோலிக்குப் போகல, அவரும் வருவாரு. அங்க போயி எம்மகளுக்கு நானே கேக்கணும்." பிறகு, சொன்னது கடுமையாகப் பட்டுவிடுமோ என்று நினைத்தவள்போல, "நீங்க சர்டிபிகேட் மட்டும் வெள்ளனே எழுதி வச்சிருங்க" என்றாள்.

"சரிம்மா" என்றாள் சிவபாக்கியம்.

திங்கட்கிழமை காலை அமிர்தவல்லி புதுப் பாவாடையில் அப்பா அம்மாவோடு வந்து சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு போனாள். சேர்க்கை அன்றே முடியவில்லை. சாதிச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. பாண்டியம்மாள் ஜூன் முழுக்கத் தாலுகா ஆபீசுக்கு நடந்தாள். கூலியை விட்டுவிட்டுத்தான் நடந்தாள். ஒருமுறைகூடப் பள்ளிக்கூடத்துக்கு வந்து டீச்சரிடம் உதவி கேட்கவில்லை. சிவபாக்கியம் தானாகப் போய் நிற்கலாமா என்று பலமுறை நினைத்து, செல்வமுருகனிடமும் கேட்டு, கடைசியில் போகாமல் இருந்துவிட்டாள். அது மரியாதையா, கோழைத்தனமா என்று அவளுக்கே தெரியவில்லை. ஜூலையில் அமிர்தவல்லியைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று யோகராஜ் வந்து சொன்னான்.

தண்ணிப்பள்ளம் பள்ளியை மூடவில்லை. ஆனால் மேல்வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் திரும்பி வரவும் இல்லை. இரண்டாயிரத்து ஒன்பதில் சிவபாக்கியத்துக்குப் பழனிப் பக்கம் பாலசமுத்திரத்துக்கு மாறுதல் வந்தது. அவள் கேட்காமலேயே வந்தது. அப்பா இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். கிளம்புகிற அன்று லயத்திலிருந்து பிள்ளைகளின் அம்மாக்கள் சிலர் வந்து மாலை போட்டார்கள். அமிர்தவல்லி விடுதியிலிருந்து வரவில்லை. எட்டாம் வகுப்பில் பரீட்சை. பாண்டியம்மாள் வந்திருந்தாள், பின்னால் சுவரை ஒட்டி நின்றாள். கூட்டம் கலைந்தபின் அவள் பக்கத்தில் வந்து, "போயிட்டு வாங்க டீச்சர், அங்க குளுரு இருக்காது" என்றாள்.

சிவபாக்கியம் கழுத்து மாலையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு பள்ளங்கிக்கு ஏறுகிற பாதையில் நடந்தாள். மூச்சு வாங்கியது. பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்தாள். கீழே தகரக் கூரைகள் வெயிலில் பளபளத்தன. பஸ் வரும் சத்தம் கேட்கும்வரை, கூரைகளைப் பார்க்கவும் முடியாமல் பார்வையைத் திருப்பவும் முடியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.